2 ஓமுக்கு ஒரு 'கிளாஸ் ஏ'

கேள்வி: 2 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் 'கிளாஸ் ஏ' ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் கணக்கை வாட்டில் அல்ல, ஆம்பியரில் தொடங்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி, 1969இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜான் லின்ஸ்லி ஹூட் வெளியிட்ட 10 வாட் சர்க்யூட். 15 ஓம் ஸ்பீக்கருக்கு 36 வோல்ட், 0.9 ஆம்பியர், 3 ஓமுக்கு 17 வோல்ட், 2 ஆம்பியர் என்று அவர் வகுத்தார். ஓம் குறைந்தால் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும்.

2 ஓமில் 50 வாட் என்றால் உச்சக் கரண்ட் சுமார் 7 ஆம்பியர். புஷ்-புல் அமைப்பில் அதில் பாதி, 3.5 ஆம்பியர், பாட்டு ஓடாதபோதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இழப்புகளைச் சேர்க்காமல் பிளஸ், மைனஸ் 14 வோல்ட் சப்ளை என்று வைத்தாலே, ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 100 வாட் வெப்பம்! 8 ஓமுக்கென்று 50 வாட்டுக்குச் செய்த கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரை 2 ஓமில் மாட்டினால், 12.5 வாட்டைத் தாண்டியதும் அது கிளாஸ் ஏ-யாக இருக்காது.

வெப்பத்தை 4 ஜோடி டிரான்சிஸ்டர்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 12.5 வாட்தான் வரும். ஒவ்வொரு சேனலுக்கும், வாட்டுக்குக் கால் டிகிரி மட்டுமே சூடேறும் அலுமினிய ஹீட்சிங்க் தேவை; அறை 35 டிகிரி என்றால் அது 60 டிகிரியில் நிற்கும். ஓசூரைவிட வெயில் கடுமையான கிருஷ்ணகிரியில் இன்னும் பெரிதாக வைப்பது நல்லது.

உதிரி பாகங்களுக்குப் பக்கத்திலேயே பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது. முதன்முறை ஆன் செய்யும்போது பயாஸை (பாட்டு ஓடாதபோதும் ஓடும் கரண்டை) குறைத்து வைத்து, சீரிஸ் பல்பு போட்டுச் சோதியுங்கள். ஸ்பீக்கரை அதன்பிறகே இணையுங்கள்.