முள் 15-ஐத் தொட்டதும் கிருமி செத்துவிடுமா?

பள்ளிக்கூட ஆய்வகங்களில் ஒரு கதை சாகாமல் உலவுகிறது. ஆவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் அழுத்தம்தான் கிருமிகளை நசுக்கிக் கொல்கிறதாம். அதனால் அழுத்தமானியின் முள் 15-ஐத் தொட்டால் வேலை முடிந்தது. ஆட்டோகிளேவ் இல்லாத பள்ளியில் பிரஷர் குக்கர் மூன்று விசில் அடித்தால் முடிந்தது. பிள்ளைகள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் கிருமி வளர்க்க அகார் காய்ச்சுகிற ஆசிரியர்களும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்பது அப்படி என்ன பெரிய அழுத்தம்? கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அவ்வளவு கூடுதல் அழுத்தம் வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கிக்கொண்டு அந்த ஆழத்துக்கு இறங்கி, சிப்பி பொறுக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். மனிதன் நசுங்காத இடத்தில் பாக்டீரியா நசுங்குமாம்! 1996-இல் ஜப்பானின் கைக்கோ என்ற ஆளில்லா நீர்மூழ்கி, மரியானா அகழியின் அடியிலிருந்து சேறு அள்ளி வந்தது. கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்தச் சேற்றிலும் பாக்டீரியா இருந்தது. அதில் ஓர் இனம், அழுத்தத்தைக் குறைத்தால் வளரவே மறுத்தது.

கொல்வது வெப்பம், அதிலும் ஈரமான வெப்பம். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேற இடம்கொடுப்பதோடு அழுத்தத்தின் வேலை சரி. 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் தூய நீராவி 121 டிகிரி செல்சியஸில் இருக்கும். அது குளிர்ந்த பொருள்மேல் பட்டு நீராக மாறும்போது கிலோவுக்கு சுமார் 2,200 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. இட்லிப் பானையைத் திறந்து கையில் ஆவியடி பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே சூட்டில் இருக்கும் வெறும் காற்று அப்படிச் சுடாது. காற்றடுப்பில் 160 டிகிரியில் 2 மணி நேரம் பிடிக்கிற வேலை, நீராவியில் 121 டிகிரியில் 15 நிமிடத்தில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முள்ளை நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது காற்றிடம். உள்ளே அழுத்துவது ஆவியா, ஆவியோடு சேர்ந்து சிக்கிக்கொண்ட காற்றா என்பது முள்ளுக்குத் தெரியாது. காற்றை முழுக்க வெளியேற்றியிருந்தால் 15-இல் 121 டிகிரி. பாதிக் காற்று தங்கிவிட்டால் அதே 15-இல் சுமார் 112. கொஞ்சமும் வெளியேற்றாமல் வால்வை மூடியிருந்தால் ஏறக்குறைய 100 டிகிரிதான். சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்க வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

100 டிகிரி போதாதா என்று கேட்பவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் புரட்டிப் பார்க்கலாம். வைக்கோலை ஊறவைத்த நீரைக் கொதிக்க வைத்த பிறகும் உயிர் தோன்றுகிறது என்று பாஸ்டருடன் மல்லுக்கு நின்றார் இயற்கையியலாளர் பூஷே. வைக்கோல் பாக்டீரியா உருவாக்கும் எண்டோஸ்போர்கள் என்ற உறங்கும் வித்துகள் கொதிநீருக்கு அசைவதில்லை என்பதை 1876-இல் ஃபெர்டினாண்ட் கோன் எடுத்துக் காட்டினார். பாஸ்டரிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் சேம்பர்லேண்ட் 1879-இல் ஆட்டோகிளேவை உருவாக்கியது இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான். காற்றை வெளியேற்றாமல் மூடியை இறுக்குகிறவர் பூஷேவின் பரிசோதனையைத் திரும்பச் செய்கிறார். இரண்டு நாள் கழித்து அகார் தட்டில் ஓரம் ஒழுங்கில்லாத, சுருக்கம் விழுந்த வெளுத்த திட்டு ஒன்று படரும். பழி தட்டைத் திறந்து பார்த்த மாணவி மேல் விழும்.

வெளியேற்றுவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். வால்வைத் திறந்தே வைத்துச் சூடேற்ற வேண்டும். முதலில் அது இருமுவதுபோல விட்டுவிட்டுச் சீறும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் துப்பும். அதைக் கண்டதும் மூடிவிடுகிறார்கள். துப்பல் நின்று, நேரான, அறுபடாத ஆவிக்கற்றை ஒன்று இரைச்சலோடு வர ஆரம்பித்த பிறகும் ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, அதற்கப்புறம்தான் வால்வை மூட வேண்டும். குக்கரிலும் இதே முறை: ஆவி இப்படி ஐந்து முதல் பத்து நிமிடம் வந்த பிறகே வெயிட் போடுவது. விசிலை எண்ணுவதில் அர்த்தமே இல்லை. தீயைக் கூட்டினால் மூன்று விசில் நொடியில் வரும். அழுத்தம் வந்ததும் தீயைத் தணித்து, கடிகாரத்தைப் பார்த்து 15 முதல் 20 நிமிடம். குடுவை பெரிதென்றால் இன்னும் கூட. அடுக்கும்போது காலிக் கண்ணாடிப் பாத்திரத்தைப் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால், ஆவியைவிடக் கனமான காற்று கிணற்றுக்குள் போல உள்ளேயே தங்கிவிடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் கிருமி நீங்கியது என்கிறார்கள். அந்தப் பொட்டலம் சூடு கண்டது என்பதைத் தவிர வேறெதையும் கோடு சொல்லாது. பாட்டில் மூடியை நன்றாக இறுக்கினால் சுத்தம் என்கிறார்கள். இறுக்கிய பாட்டில் வெடிக்கும். அரைச்சுற்று தளர்த்தி வைக்க வேண்டும். எதையும் உள்ளே வைக்கலாம் என்பதும் பொய்: பிளீச்சிங் கரைசலும் ஸ்பிரிட்டும் ஆட்டோகிளேவ் பக்கமே வரக்கூடாது.

அவசரக்காரர்களின் நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வால்வைச் சட்டென்று திறந்தால், குக்கரைக் குழாயடியில் காட்டினால், சீக்கிரம் ஆறிவிடும் என்பது அது. குடுவையைச் சுற்றியுள்ள அழுத்தம் ஒரே நொடியில் இறங்கும். குடுவையில் இருக்கும் அகாரோ இன்னும் 100 டிகிரிக்கு மேல். அது அடியிலிருந்து பொங்கி, பஞ்சடைப்பானைத் தூக்கியடித்து, கையில் ஒட்டிக்கொண்டு சுடும். முள் பூஜ்யத்துக்குத் தானாக இறங்கிய பிறகும் சற்றுப் பொறுத்து, மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கம் முதலில் தூக்கித் திறப்பதுதான் முறை.

ஊட்டிப் பள்ளிகளுக்கு ஒரு தனிச் செய்தி. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் முள் 15-இல் நின்றாலும் உள்ளே சுமார் 117 டிகிரிதான். சமவெளிக் கணக்கில் 15 நிமிடம் வைத்தால் போதாது. இரண்டரை மடங்கு நேரம் வேண்டும்.

இத்தனையையும் பாடம் நடத்திக்கொண்டே ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ள முடியாது. ஆய்வக உதவியாளர் இருக்கிறாரே என்று கேட்கலாம். அவர் அலுவலகத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் வங்கிக்குப் போயிருப்பார். செய்முறை வகுப்புக்கு முந்தைய மதியம் அவரை ஆய்வகத்திலேயே விட்டுவைக்க அரசாணை எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர் நினைத்தால் போதும். அடியில் தண்ணீர் இருக்கிறதா, கேஸ்கெட்டில் வெடிப்பு இருக்கிறதா, சேஃப்டி வால்வு அடைத்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஆவி நேரான நேரம், வால்வு மூடிய நேரம், தீயை நிறுத்திய நேரம் மூன்றையும் நோட்டில் குறிப்பார். வெடித்த கேஸ்கெட்டை நூல் சுற்றி ஓட்டச் சொன்னால், புதியது வாங்கித் தரும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.