இரத்தத்தில் கிருமி வந்தபின் கீமோவை எப்போது தொடர்வது?



காரமடையிலிருந்து கோவைக்கு பஸ் ஏறிப் போய் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வரும் பெண்களை நாம் அறிவோம். நடுவில் காய்ச்சல் வந்து, "இரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது" என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "தேதி தள்ளிப்போனா நோய் முத்திப்போகும், உடனே மருந்து ஏத்தச் சொல்லுங்க" என்பார் ஒருவர். "அந்த மருந்துதான் இப்படிப் பண்ணிப்போட்டுது, இனி வேண்டவே வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே ஆபத்துதான்.

கிருமி ஏன் வருகிறது?

கீமோ மருந்து புற்றுநோயை அழிக்கும்போது, நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைக்கிறது. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் இவை மிகவும் இறங்கும். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு 500க்குக் கீழே போனால், நம் குடலிலும் தோலிலும் இருக்கும் கிருமியே இரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம்.

அதனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108க்கு போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் "கீமோ எடுக்கிறவங்க" என்று முதலில் சொல்லுங்கள். கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது உயிரைக் காக்கும்.

எப்போது தொடரலாம்?

எல்லோருக்கும் பொதுவான ஒரே தேதி கிடையாது. டாக்டர்கள் பார்ப்பது இவைதான்:

* காய்ச்சல் நின்று, இரத்த அழுத்தம் சரியாகி, சாப்பிட முடிகிறதா?
* மறுபடி எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்ததா?
* ஆன்டிபயாடிக் போதுமான நாள் போட்டாயிற்றா? கிருமியைப் பொறுத்து 7 நாள், 14 நாள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.
* வெள்ளையணுவும் தட்டணுவும் ஏறிவிட்டனவா? கட்டிப் புற்றுநோய்க்கு பெரும்பாலும் நியூட்ரோபில் 1,000 முதல் 1,500க்கு மேலும், தட்டணு 75,000 முதல் ஒரு லட்சத்துக்கு மேலும் எதிர்பார்ப்பார்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கணக்கு வேறு.
* மருந்து ஏற்றும் குழாயில் கிருமி இருந்தால், அதை எடுக்க வேண்டுமா?

அவசரப்பட்டு ஏற்றினால் அடங்கிய கிருமி மறுபடி கிளம்பும். அளவுக்கு மீறித் தள்ளிப்போட்டால் புற்றுநோய் வளர இடம் கிடைக்கும். அதனால் அடுத்த முறை டாக்டர் மருந்தின் அளவைக் குறைக்கலாம். வெள்ளையணு ஏற ஊசியும் போடலாம். அப்படிச் செய்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

குழுவாக நாம் செய்யக்கூடியது

குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைப்போம். கீமோ எடுக்கும் சகோதரி கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் கேட்காமல், சந்தாவை வீட்டிலேயே போய் வாங்கிக்கொள்வோம். கல்ச்சர் ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கச் சொல்வோம். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் துணை போவது யார் என்று இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுவோம். குணமாகி வீடு திரும்பும்போது, "அடுத்த கீமோ எப்போங்க, அதுக்கு முன்னாடி என்ன பரிசோதனை?" என்று டாக்டரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வருவோம்.