பெட்டியைத் தாங்களே தூக்கிக் கப்பலேறும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அதன்பிறகு ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் கப்பல் சுற்றுலா எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. புறப்படுகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெட்டியைப் பற்றித்தான். துறைமுகத்தில் ஆளிடம் கொடுத்துவிடலாமா, நாமே தூக்கிக்கொண்டு ஏறலாமா? உடம்பில் தெம்பு இருந்தால் நீங்களே தூக்குங்கள். அதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆளுக்கு ஒரு பெட்டி போதும். கரையிலிருந்து கப்பலுக்குப் போகும் ஏறுபாலம் சரிவானது. அலை ஏறி இறங்குவதற்கேற்ப அந்தச் சரிவும் மாறும். அதில் ஒரு கை பெட்டிக்கு, ஒரு கை கம்பிக்கு. இரண்டு கையிலும் சாமான் இருந்தால் கால் வழுக்கும்போது பிடிக்கக் கை இருக்காது. தோளில் ஒரு சிறு பை மாட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

2. எடை பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. முந்திரி எடைபோடும் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். பிறகு பெட்டியோடு மொட்டைமாடிப் படியில் மூன்று முறை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் துணியைக் குறையுங்கள். அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் கட்டிக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கடலில் தள்ளி நிற்க, படகில் சாமானோடு போய் ஏறினார்கள். திரும்பிவரப் பல வருஷம் ஆகும் என்பதால் அவர்களுக்கு அவ்வளவும் தேவைப்பட்டது. நீங்கள் போவது சில நாள் பயணம். 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கே எடைக்கு வரம்பு உண்டு, அது மாறவும் செய்யும். சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

3. துறைமுகம் வரைக்கும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள். நம்ம பக்கத்துப் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம், துறைமுகம் அதன் அருகில்தான். விருத்தாசலத்திலிருந்து ரயிலில் எழும்பூர் வந்தாலும் அங்கிருந்து கடற்கரைக்கு அதே மின்சார ரயில் உண்டு. துறைமுகத்தின் எந்த வாயிலுக்கு வர வேண்டும் என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தவறான வாயிலுக்குப் போனால் பெட்டியோடு வெயிலில் நடக்க நேரும்.

4. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, பயணச்சீட்டு எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். இலங்கைத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலென்றால் பாஸ்போர்ட்டும் அங்கேதான். பெட்டியைக் கப்பல்காரர்களிடம் கொடுப்பவர்களும் இதைச் செய்தாக வேண்டும். அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்ளும் பெட்டி அறை வாசலுக்கு வரச் சாயங்காலம்கூட ஆகும். அதுவரை சர்க்கரை மாத்திரைக்குக் காத்திருக்க முடியாது.

5. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடுபடுத்தும் கெட்டில், சூடம், மெழுகுவர்த்தி, கத்தி, மதுபாட்டில் எதுவும் வேண்டாம். எக்ஸ்ரே சோதனையில் எடுத்துவிடுவார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை. சென்னை–சிங்கப்பூர் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் எண்பதுகளின் நடுவில் பிடித்த தீ பல உயிர்களைக் கொண்டுபோனது. வீட்டுப் பலகாரத்தையும் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். முந்திரிப் பருப்பை வெளிநாட்டுக் கரையில் இறக்குவதற்கு முன் அந்த நாட்டு விதியைக் கேளுங்கள்.

6. ஏறியதும் அறை தயாராக இருக்கும் என்று எண்ணாதீர்கள். சுத்தம் செய்து முடிக்கும்வரை பெட்டி உங்களோடுதான் இருக்கும். சாப்பாட்டுக்கூடத்தில் அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுங்கள், நடைவழியை அடைக்காதீர்கள். தட்டுகளைச் சுமந்து வருபவர் தடுக்கி விழுந்தால் பாவம் நமக்குத்தான்.

7. அறை சின்னது. துணியை அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். கடல் ஆடும்போது நடுவில் நிற்கும் சக்கரப்பெட்டி தானாக ஓடி காலில் மோதும்.

8. நீங்களே தூக்கியதன் பலன் இறங்கும் நாளில் தெரியும். மற்றவர்கள் முந்தின ராத்திரியே பெட்டியை அறை வாசலில் வைத்து, மறுநாள் கரையில் குவிந்து கிடப்பதில் தேட வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இல்லை, ஊருக்குப் பஸ் பிடிக்கவும் நேரம் கிடைக்கும். ஆனால் நீங்களே தூக்கி இறங்கப்போவதாக முதல் நாளே வரவேற்பு மேஜையில் சொல்லிவிடுங்கள். கூப்பிடும்வரை அறையில் இருங்கள், படிக்கட்டில் போய்க் கூடாதீர்கள்.

9. முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். வாங்கிச் சுமப்பவரிடம் மரியாதையாகப் பேசி, நன்றி சொல்லுங்கள். நம் பெட்டியைப் போல எத்தனையோ பெட்டிகளை அவர் அன்றைக்குத் தூக்க வேண்டியிருக்கிறது.

10. கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் ஆபத்து என்று பொருள். அப்போது பெட்டியைத் தொடாதீர்கள். பெட்டியோடு படியில் இறங்குபவர் தனக்குப் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் வழியை அடைக்கிறார். லிஃப்டிலும் ஏறக் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியதில் 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்குத் தப்பிக்கும் பயிற்சி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். அறைக்குள் பெட்டியை வைத்த கையோடு அந்தப் பயிற்சிக்குப் போங்கள். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை அம்மா அப்பாவுக்கும் குழந்தைகளுக்கும் நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். கடல் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.