ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரைக்கடல் மீன்பிடிப்பு: மலைநாட்டுச் சங்கங்களுக்கு ஒரு பாடம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றாகிய குண்டூர் நாட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கடற்கரை ஏறத்தாழ நூறு மைலுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆயினும், மலைநாட்டுக் குடும்பங்கள் சந்தைக்குப் போய் மிளகையும் வாழைத்தாரையும் விற்றுத் திரும்பும்போது ஒரு படி நெத்திலிக் கருவாடோ, சென்னகூனியோ வாங்கிவருவது வழக்கம். ஐப்பசி பிறந்தபின் அந்தக் கருவாட்டின் விலை ஏறுவதையும், சில வாரங்களில் நல்ல சரக்கே கிடைக்காமற்போவதையும் யாவரும் அறிவர். இதன் காரணத்தை விசாரித்தால், கடலின் இயல்பு மட்டுமன்றி, கடனின் இயல்பும் புலப்படும். அங்கத்தினர்கள் சங்கக் கூட்டத்தில் படித்து ஆலோசிப்பதற்காக இவ்விஷயம் இங்கே பகுதி பகுதியாக விளக்கப்படுகிறது.

1. மலை ஜலமும் கடல் ஜலமும்

கொல்லிமலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஐயாற்றில் சேர்ந்து, ஆகாயகங்கையாக வீழ்ந்து, சமவெளியில் காவிரியோடு கலக்கிறது. வெள்ளக் காலத்தில் காவிரியின் பெருநீர் கொள்ளிடத்தின் வழியே ஓடிப் பழையாற்றுக்கு அருகில் கடலை அடைகிறது. எனவே மலைநாட்டு மண்ணும் தழையும் கரைந்த கலங்கல் நீர், மீனவர் வலை விரிக்கும் இடத்திற்கே போய்ச் சேருகிறது என்று சொல்வது மிகையாகாது.

ஆற்று ஜலம் உப்பற்றதாதலால் இலேசானது. அது கடல் ஜலத்தோடு உடனே கலந்துவிடாமல், எண்ணெய் தண்ணீரின்மேல் நிற்பதுபோலச் சில நாட்கள் மேற்பரப்பில் பரந்து நிற்கும். உப்பு குறைந்த நீரை விரும்பாத மீன்கள் ஆழத்திற்கோ, அப்பாலுள்ள தெளிந்த நீருக்கோ விலகிப் போகின்றன. ஆனால் அவ்வெள்ளமே ஒரு நன்மையும் செய்கிறது. கோடையில் மணல் மேடிட்டு அடைபட்டிருந்த முகத்துவாரங்களை அது உடைத்துத் திறந்துவிடுகிறது. உப்பங்கழிகளில் குஞ்சாக நுழைந்து வளர்ந்த இறால்கள் அவ்வழியே கடலுக்கு இறங்குகின்றன. நீர் கலங்கியிருப்பதால் மீனின் கண்ணுக்கு வலை தெரிவதில்லை; பகலிலும் பாடு கிடைக்கிறது. ஆகையால் ஐப்பசியில் கரைக்கடல் வறண்டதென்று சொல்லக்கூடாது. மீன் உண்டு, அதை எடுக்கும் நாட்களே குறைவு.

2. காற்றும் நீரோட்டமும்

புரட்டாசியில் காற்றுத் திசை மாறும். மேற்கேயிருந்து வந்த காற்றுத் தளர்ந்து, இடையில் சில நாட்கள் கடல் அமைதியாயிருக்கும். பின்பு, சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டி, வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இம்மூன்று மாதங்களில் பெய்வது. அப்போது வாடைக் காற்று கரையை நோக்கி வீசி அலையை உயர்த்துகிறது. கரையையொட்டிய நீரோட்டமும் தெற்கு நோக்கித் திரும்பி வேகங்கொள்கிறது.

இம்மாறுதலால் மீனவருக்கு மூன்று இடையூறுகள் உண்டாகின்றன. முதலாவது, கரைக்கருகில் அலை உடையும் இடத்தைப் படகு தாண்டுவது கடினம். முற்காலத்தில் கட்டுமரம் இதற்கென்றே அமைந்திருந்தது. மேலே விழுந்த நீர் மரங்களின் இடைவெளியாக வடிந்துபோகும், கவிழ்ந்தாலும் மூழ்காது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் கட்டுமரத்தின் இடத்தை இயந்திரம் பொருத்திய பைபர் படகு பிடித்துவிட்டது. அது விரைவில் போகும். ஆனால் அலையில் கவிழ்ந்தால் படகோடு இயந்திரமும் வலையும் நஷ்டமாகும்.

இரண்டாவது, நீரோட்டம் வலையைச் சுருட்டுகிறது. ஆளெல்லாம் கூடிக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலை ஒரு பக்கமாக அடித்துச் செல்லப்படுகிறது. மூன்றாவது, வெள்ளத்தில் வரும் மரக்கிளைகளும் ஆகாயத்தாமரையும் வலையில் சிக்கி அதைக் கிழிக்கின்றன. ஒரு நாள் பாட்டின் வருமானம், கிழிந்த வலையைச் சீர்செய்வதற்கே போதாமற்போவதும் உண்டு.

இவற்றிற்கு மேலாகப் புயல் அபாயம். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தையும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தையும் தாக்கிய புயல்கள் இப்பருவத்திலேயே வந்தவை. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் குறிகள் உண்டு. பகலில் கூண்டும் இரவில் விளக்கும் ஏற்றப்படும். எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையில் நிற்கவேண்டும். புயல் வராமலே போனாலும் அந்நாட்களின் வருமானம் போனதுதான்.

இராமேசுவரம், பாம்பன் பகுதியில் மட்டும் இயற்கை ஒரு வசதி அளித்திருக்கிறது. அங்கே வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணிந்திருக்கும். ஆடிக் காற்றில் அது நேர்மாறாகும். எனவே அவ்வூர் மீனவரிற் பலர் பருவத்திற்கேற்பப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக்கொள்கின்றனர். சோழமண்டலக் கரையில் மற்ற ஊராருக்கு இவ்வாறு மாற்றிக்கொள்ள இரண்டாவது கடல் இல்லை.

3. உப்பும் வெயிலும் இல்லாத காலம்

இரண்டு காற்றழுத்தங்களுக்கு நடுவே நான்கைந்து நாட்கள் கடல் தெளிவதுண்டு. அப்போது எல்லாப் படகுகளும் ஒரே நாளில் இறங்குகின்றன. மீனும் ஒரே நாளில் கரையில் குவிகிறது. வெயிற்காலமாயின், விற்காத நெத்திலியையும் சாளையையும் உப்பிட்டு மணலில் காயவைத்துக் கருவாடாக்கலாம். மழைக்காலத்தில் வெயில் இல்லை; உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடுவதால் உப்பும் அருமையாகிறது. அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டில் புழு விழும். ஆகவே வந்த விலைக்கு அன்றே விற்றாகவேண்டும். பனிக்கட்டி இருந்தால் ஓரிரு நாள் தாங்கும்; அதையும் வியாபாரியே கொண்டுவருவாராகில், விலை சொல்லும் அதிகாரமும் அவரிடமே இருக்கும்.

சந்தையில் கருவாட்டு விலை ஏறும் அதே வாரத்தில், பிடித்தவனுக்குக் கிடைக்கும் விலை இறங்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். வாங்குகிற மலைவாசியும் விற்கிற கடல்வாசியும் ஒரே காலத்தில் நஷ்டப்படுகின்றனர்.

4. முன்பணத்தின் கணக்கு

கடலுக்குப் போகாத நாளிலும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அப்போது கரையிலுள்ள வியாபாரியோ ஏலக்காரரோ முன்பணம் கொடுக்கிறார். அநேக இடங்களில் அதற்கு வட்டி என்று பெயரிட்டு ஒன்றும் கேட்பதில்லை. ஒரேயொரு நிபந்தனை உண்டு: கடன் தீரும்வரையில் பிடிக்கும் மீனையெல்லாம் அவரிடமே கொடுக்கவேண்டும். அவர் விற்பனையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். கார்த்திகையில் ஒருவர் 10,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் விற்பனைக்கு 8 ரூபாய் கழிவு. அடுத்த ஓராண்டில் அவர் பிடித்த மீன் 1,50,000 ரூபாய்க்கு விற்றால், கழிவு மட்டும் 12,000 ரூபாய். வாங்கிய முதலைவிட அதிகமாகக் கொடுத்தாயிற்று. ஆனால் கழிவு முதலில் சேராதாகையால், 10,000 ரூபாய்க் கடன் அப்படியே நிற்கிறது. அடுத்த கார்த்திகையில் அதன்மேல் இன்னும் ஒரு தொகை ஏறுகிறது. வட்டியில்லாக் கடன் என்று எண்ணியது, நூற்றுக்கு 120 வீதம் வட்டியாக முடிந்தது. கடல் மூடியிருந்தது சில வாரங்கள். அவ்வாரங்களுக்காக இழந்தது ஆண்டு முழுவதற்குமான விலையுரிமை.

வியாபாரியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தேவைப்படும் நாளில் கதவைத் தட்டினால் திறக்கிறவர் அவர் ஒருவரே என்றால், மக்கள் அவரிடமே போவர். மற்றொரு கதவு வேண்டும்.

5. சங்கம் என்னும் மற்றொரு கதவு

உழவருக்கும் மீனவருக்கும் ஒரேவித நோய் என்பதைச் சென்னை மாகாணத்தில் முன்னரே கண்டவர் சர் பிரெடெரிக் நிக்கல்சன். அவர் 1895, 1897-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நில, விவசாய பாங்குகளைப் பற்றிய அறிக்கை, 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகாட்டியாயிற்று. அந்த ஆண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் சங்கம் ஏற்பட்டது. 1907-இல் தொடங்கிய மாகாண மீன்வள இலாகாவிற்கும் அவரே தலைமை வகித்தார்.

நிக்கல்சன் எடுத்துக்காட்டிய முன்மாதிரி ஜெர்மனி தேசத்து ரைபைசன். 1846-47 குளிர்காலத்தில் தம் கிராமத்தார் பசியால் வாடியபோது, ரைபைசன் வசதியுள்ளோரிடம் நிதி திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, அறுவடைக்குப்பின் திருப்பித்தரும்படி ஏழைகளுக்குக் கொடுத்தார். கிராமக் கடன் சங்கத்தின் வித்து ஒரு பஞ்ச பருவத்தில் விழுந்ததேயாகும்.

கடற்கரையில் இதன் பலன் பலவிதமாகக் காணப்படுகிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில், கன்னியாகுமரிக் கரையைச் சேர்ந்த ஊர்ச் சங்கங்களும் உள்ளன. அவற்றில் மீன் ஏலத்தைச் சங்கமே நடத்துகிறது. விற்பனையிலிருந்து பிடிக்கும் தொகையில் ஒரு பகுதி கடனில் வரவாகிறது. ஒரு பகுதி அங்கத்தினரின் சேமிப்பாகிறது. முன்பு கூறிய கணக்கில் வியாபாரி கழித்தது கடனைக் குறைக்கவில்லை. இங்கே கழிப்பது குறைக்கிறது. இவ்வளவே வித்தியாசம், ஆயினும் இதுவே முழு வித்தியாசம்.

தமிழ்நாட்டில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகச் சேமிப்பு நிவாரணத் திட்டமும் நடைபெறுகிறது. அதில் ஓர் அங்கத்தினர் ஒன்பது மாதங்களில் 1,500 ரூபாய் செலுத்துகிறார். அரசாங்கத்தார் 3,000 ரூபாய் சேர்க்கின்றனர். ஆக 4,500 ரூபாய் மீன் குறைந்த மாதங்களில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. ஒரு குடும்பத்தின் முழுச் செலவிற்கு இது போதாது. எனினும், பாடு உள்ள மாதத்தில் எடுத்துவைத்துப் பாடற்ற மாதத்தில் உண்ணும் பழக்கத்தை இது உண்டாக்குகிறது.

6. மலைநாட்டிற்கு இதனால் அறியவேண்டியது

ஐப்பசியில் மலைநாட்டிலும் மிளகு பச்சைமணியாகக் கொடியிலிருக்கிறது. தை, மாசி வரையில் பணம் வராது. பிள்ளைகளின் படிப்புச் செலவும், மருந்துச் செலவும், பண்டிகைச் செலவும் காத்திருப்பதில்லை. அந்நிலையில் கொடியிலுள்ள காய்க்கே விலைபேசி முன்பணம் வாங்குகிறவர், கடற்கரை மீனவர் அகப்பட்ட அதே வலையில் தாமும் அகப்படுகிறார்.

ஆனால் ஒரு பெரிய வேற்றுமையை அங்கத்தினர்கள் கருதவேண்டும். மீன் ஒரு நாள் காத்திராது. மிளகு ஓராண்டு காத்திருக்கும். நன்றாகக் காயவைத்து, ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற்படாமல் மூட்டைகட்டி வைத்தால், விலை ஏறும்வரையில் வைத்திருக்கலாம். சங்கத்தில் விளைபொருளை ஈடுவைத்துக் கடன் பெறும் வசதியும் உண்டு. கடல்வாசிக்கு இல்லாத இந்தச் சௌகரியத்தை மலைவாசி முன்பணத்துக்காக விட்டுக்கொடுப்பது, கையிலுள்ள பூட்டைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை நோவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை. மிளகும் காப்பியும் விற்கும் மாதங்களில் ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் ஒரு சிறு பங்கைச் சங்கத்தில் சேமிப்பாக வைக்கவேண்டும். அதை ஐப்பசிக்கு முன் எடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வெளியே வாங்கிய முன்பணத்தில் கழிவு எவ்வளவு, முதலில் வரவு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வைக்கவேண்டும். எழுதாத கடனே தீராத கடன்.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்கு வினாக்கள்

(1) நம் ஊரில் பணம் வராத மாதங்கள் எவை? அம்மாதங்களில் ஒரு குடும்பத்திற்கு மிகக் குறைந்தது எவ்வளவு தேவை?

(2) சென்ற ஆண்டு எத்தனை அங்கத்தினர்கள் விளைச்சலுக்கு முன்பே விலைபேசினர்? அறுவடையில் சந்தை விலைக்கும் அவர்கள் பெற்ற விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு?

(3) வெளியில் வாங்கிய முன்பணத்தைச் சங்கக் கடனால் தீர்த்துவிட்டால், ஓராண்டில் மிச்சமாகும் தொகை என்ன?

இக்கணக்குகளை ஒவ்வொரு ஊரிலும் அங்கத்தினர்களே கூடிப் போட்டுப் பார்ப்பது நலம். ஐப்பசிக் காற்றை யாராலும் நிறுத்தமுடியாது. அது வருமென்று பங்குனியிலேயே தெரிந்திருப்பதால், அதற்கு வேண்டியதைப் பங்குனியிலேயே சேர்த்து வைக்க முடியும்.