மின்மடலும் அச்சுத் தாளும்

'மெயில்' என்னுஞ் சொல் மன்னார் மக்களுக்குப் புதியதன்று. 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய நாள் முதலாக, சென்னையிலிருந்து கொழும்பு நோக்கிய 'போட் மெயில்' பயணிகள் நமது கரையிலே இறங்கியே புகையிரதம் ஏறினர். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980களிலே நின்றது. போரினால் 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சிலேதான் மீண்டும் துறைமுகத்தை அடைந்தது.

இவ்விடைக் காலத்திலே நமது பழைய மாணவர் பலர் கடல் கடந்தனர். அவர்தம் நினைவுகள் இன்று மின்னஞ்சலாக நம்மை வந்தடைகின்றன. இம்மலரின் பொருட்டு வந்த மடல்களைத் தாளிலே பதித்து, கணினியின் முன் அமர இயலாத முதிய ஆசிரியப் பெருமக்களுக்குக் கொடுக்கவும், ஒரு படியைப் பேழையிலே வைக்கவும் யாம் முற்பட்டோம். முதற் றாள் முழுவதும் வினாக்குறிகளாகவே வெளிவந்தது. அவ்வினாக்குறிகளுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரையாகும். கணினி பயிலும் மாணவர்க்கு இது ஒரு பாடமாகவும் அமையும் என நம்புகின்றோம்.

கட்டளைவரி அஞ்சல்

படங்களும் பொத்தான்களும் நிறைந்த சாளரங்களிலே மடல் படித்தல் இன்றைய வழக்கம். எழுத்து மாத்திரமே தோன்றும் திரையிலே, விசைப்பலகையாற் கட்டளை தட்டி மடல் படித்தல் அதனினும் பழைய வழக்கமாகும். ரே டொம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பிய காலம் தொட்டு இவ்வழக்கம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே 1989இல் தோன்றிய 'பைன்', மைக்கேல் எல்கின்ஸ் என்பார் 1995இல் ஆக்கிய 'மட்' என்பன இவ்வகைச் செயலிகளுட் சிறந்தவை. பழைய கணினியும் மெதுவான இணைப்புமே உள்ள இடத்திலும் இவை தடையின்றி இயங்கும். பல மடல்களை ஒரே கட்டளையாற் கையாளவும் வல்லவை.

இங்கே ஒரு சொல்லின் வரலாறு கவனித்தற்குரியது. 'மெயில்எக்ஸ்' என்னும் பழைய செயலியிலே 'பிரிண்ட்' என்று கட்டளையிட்டால் அச்சுப்பொறி அசைவதில்லை. மடல் திரையிலே தோன்றுவதோடு சரி. இதனைப் பிழையென மாணவர் எண்ணுவர். பிழையன்று. அக்கால யுனிக்ஸ் கணினிகளுக்குத் திரையாக அமைந்தது 'டெலிடைப்' என்னும் தொலைத்தட்டச்சுப் பொறியாகும். தந்தித் துறைக்கென ஆக்கப்பட்ட அப்பொறி, கணினியின் விடையைத் தாளிலேயே அடித்துக் காட்டிற்று. ஆதலாற் காட்டுதலும் அச்சிடுதலும் அன்று ஒரே செயலாயிருந்தன. பொறி போயிற்று, சொல் நின்றுவிட்டது. இச்செயலியிலே மடலைத் தாளுக்கு அனுப்ப வேண்டுமாயின், 'பைப்' என்னுங் கட்டளையால் அதனை அச்சுக் கட்டளையோடு இணைத்தல் வேண்டும். 'மட்' செயலியிலோ 'பி' என்னும் எழுத்தைத் தட்டினாற் போதும். அச்சிடலாமா என ஒருமுறை வினவிய பின்னர், 'எல்.பி.ஆர்.' என்னும் அச்சுக் கட்டளையிடம் அது மடலை ஒப்படைக்கும்.

அச்சு எங்கே விழும்?

அஞ்சற் செயலி எந்தக் கணினியிலே இயங்குகின்றதோ, அந்தக் கணினி அறிந்த அச்சுப்பொறிக்கே மடல் செல்லும். மன்னாரிலிருந்து ஒருவர் கொழும்பிலுள்ள கணினியிலே நுழைந்து மடல் படிப்பாராயின், அவர் தட்டிய அச்சுக் கட்டளையால் தாள் கொழும்பிலேதான் விழும். 'பைன்' செயலி இவ்விடருக்கு அழகிய தீர்வொன்று கண்டது. "இனி வருவதைத் திரையிற் காட்டாது அச்சுப்பொறிக்கு விடு" என்னும் பொருளுடைய மறைகுறியை முன்னும், "நிறுத்துக" என்னுங் குறியைப் பின்னும் வைத்து மடலை அனுப்பும். அக்குறிகளை அறிந்த முனையம், தன் மேசையிலுள்ள பொறியிலேயே அச்சிடும். தனிப்பட்ட மடலொன்று தொலைவிலுள்ள பொது அறையிலே பிறர் கையிற் சிக்காதிருக்க, அச்சிடுமுன் பொறி எதுவென அறிதல் இன்றியமையாதது.

தமிழ் எழுத்தின் இடர்

பழைய மின்னஞ்சல் விதிகள் ஆஸ்கி எனப்படும் ஆங்கில எழுத்துகளை மாத்திரமே மனத்திற் கொண்டு அமைந்தன. பிறமொழி எழுத்துகளும் படங்களும் மடலிற் செல்ல வழிகாட்டிய 'மைம்' விதிகள் 1992இல் வந்தன. அவ்வாண்டிலேயே கென் தொம்சனும் ரொப் பைக்கும் யூ.டி.எஃப்.-8 முறையை வகுத்தனர். இம்முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று எண்களாக எழுதப்படும். இதனை அறிந்தால் எமது இடரின் காரணம் விளங்கும்.

முதற் றாளிலே வினாக்குறிகள் வந்தமைக்குக் காரணம் கணினியின் மொழி அமைப்பு ஆஸ்கியாயிருந்தமையே. தன்னால் எழுதவியலாத எழுத்துக்குச் செயலி வினாக்குறி இட்டுவிட்டது. மொழி அமைப்பை யூ.டி.எஃப்.-8 ஆக மாற்றியதும் திரையிலே தமிழ் தெளிவாகத் தோன்றிற்று. தாளிலோ ஓரெழுத்துக்கு மூன்றாக ஐரோப்பியக் குறிகள் விழுந்தன. இடையிலே நாம் வைத்த பழைய அச்சொழுங்குச் செயலி, மூன்று எண்களையும் மூன்று தனி எழுத்துகளாக எண்ணியதே காரணம்.

அவ்வெண்களைச் சேர்த்துப் படித்தாலும் வேலை முடிவதில்லை. 'கெ' என எழுதுகையில் நாம் கொம்பை முதலில் இடுகின்றோம். கணினியோ ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னும் சேமிக்கின்றது. 'கொ' என்பதில் ஒரு குறியே எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. இம்முறைமையை அறிந்து எழுத்தை அமைக்கும் 'பேங்கோ' என்னும் நூலகத்தைப் பயன்படுத்துவது 'பேப்ஸ்' என்னுஞ் செயலி. 'மட்' செயலியின் அச்சுக் கட்டளையிலே பேப்ஸை முன்னும் எல்.பி.ஆரைப் பின்னும் வைத்துக் குழாய்க் குறியால் இணைத்தோம். தமிழ் எழுத்துரு ஒன்று கணினியில் இருந்தமையால் மூன்றாந் தாளிலே தமிழ் தமிழாக வந்தது.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்ட மடல்கள் வேறு வகையின. அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடப்பன. அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றியே அச்சிடுதல் வேண்டும்.

செய்முறைக் குறிப்புகள்

ஒரு மடலை முதலில் அச்சிட்டுப் பார்த்துத் திருப்தியுற்ற பின்னரே மற்றவற்றைத் தொடுக. 'டி' என்னும் எழுத்தாற் பல மடல்களைக் குறியிட்டு, அரைப்புள்ளியும் 'பி'யும் தட்டினால் அவை யாவும் ஒருங்கே அச்சுக்குச் செல்லும்.

மடலின் தலைப்பிலே அது கடந்து வந்த வழியெல்லாம் பதிந்திருக்கும். அனைத்தையும் அச்சிட்டால் தாள் வீணாகும். அனைத்தையும் நீக்கினால் மடல் அநாதையாகும். அனுப்பியவர், பெற்றவர், பொருள், நாள் என்னும் நான்கையும் விடாது காக்க. நாளின் இறுதியிலுள்ள நேர வேறுபாட்டெண்ணையும் காக்க. இலங்கை நேரத்தில் எழுதப்பட்ட மடலிலே அது ஐந்தரை மணியைக் குறிக்கும்.

இணைப்பாக வந்த புகைப்படம் மடலோடு அச்சாவதில்லை. 'வி' என்னும் எழுத்தால் இணைப்புப் பட்டியலைத் திறந்து அதனைத் தனியே எடுத்தல் வேண்டும். இதனை மறந்தவர், "இத்துடன் எமது வகுப்புப் படம்" என்னும் வரியைக் காத்து, படத்தை இழந்தவராவர்.

தாளும் மையும் கருதத்தக்கன. வெப்பத்தாற் பதியும் தாளின் எழுத்து காலத்தால் மங்கும். கடற்காற்றின் ஈரத்திலே நீர்மை கசிதல் கூடும். லேசர் அச்சே நீண்டநாட் காப்புக்கு ஏற்றது. தாளோடு மூல மடலின் கோப்பையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் அறிவுடைமை. எழுதியவரின் இசைவின்றி அவர் மடலைப் பிறர் கைக்குக் கொடாதிருத்தல் பண்புடைமை.

முடிவுரை

இடம்பெயர்ந்த காலத்திலே வீட்டுப் பெட்டியிலிருந்த கடிதங்களையும் படங்களையும் இழந்தோர் நம்மிடையே பலர். தாள் அழிவதை நாம் கண்ணாற் கண்டோம். மின்மடல் அழிவதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. கடவுச்சொல்லை அறிந்தவர் மறைந்தால் மடலும் மறைந்தாற் போன்றதே. ஆகையால் ஒன்றை மாத்திரம் நம்புதல் தகாது, இரண்டும் வேண்டும்.

மூன்றாந் தாளை எம் முதிய ஆசிரியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். கண்ணாடியை அணிந்து இருமுறை படித்தார். பின்னர்ச் சிவப்புப் பேனாவைக் கேட்டுப் பெற்று, ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தினார். அம்மாணவர் வகுப்பை விட்டு நெடுங்காலமாயிற்று. அத்திருத்தத்துடனேயே அத்தாளைப் பேழையிலே வைத்துள்ளோம்.