நாமும் நாங்களும்



இத்திங்கள் பாடத்திற்குப் பொருளாக ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘நாம்’ என்பதே அச்சொல். அதனோடு ஒட்டிப் பிறந்த மற்றொன்று ‘நாங்கள்’. நாள்தோறும் நம் வாயில் நூறு முறை வரும் இவ்விரண்டின் வேற்றுமையை உலகத்து மொழியாராய்ச்சியாளர் எவ்வாறு ஆராய்ந்துள்ளனர், அதனின்று நாம் கொள்ளத்தக்கது யாது என்பவற்றை முறையாகக் காண்போம்.

முதலில் வேற்றுமை இன்னதென்று தெளிவோம். ‘நாம் சாப்பிடலாம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவனுக்கும் அங்கே இலை உண்டு. ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் அவனுக்கு இலை இல்லை. அவன் எழுந்து போகலாம். முன்னது கேட்பவனை உள்ளே சேர்ப்பது. பின்னது அவனை வெளியே நிறுத்துவது. இவ்வளவு பெரிய செய்தியைத் தமிழ் ஒரு சிறு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினைச்சொல்லின் விகுதியிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. அம், ஆம் என முடிவன முன்னிலையாரைத் தன்னோடு சேர்ப்பன. எம், ஏம், ஓம் என முடிவன படர்க்கையாரைச் சேர்ப்பன என்று அந்நூல் பகுக்கின்றது. இன்றோ ‘ஓம்’ என்னும் ஒரு விகுதியே எஞ்சி எல்லாவற்றுக்கும் நிற்கிறது. ‘வந்தோம்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவன் உள்ளேயா வெளியேயா என்பது விளங்காது. பெயரைச் சொன்னால்தான் விளங்கும். ஆதலின் வினையில் அழிந்த வேறுபாட்டை இன்று தாங்கி நிற்பவை நாம், நாங்கள் என்னும் இரண்டு சொற்களே.

பழைய நூல்களில் ‘யாம்’ என்றொரு சொல்லும் உண்டு. திராவிட மொழிகளின் தாய்நிலையில் கேட்பவனை விலக்கும் ‘யாம்’ என்பதற்கு ஒரு வடிவமும், சேர்க்கும் ‘நாம்’ என்பதற்கு வேறொரு வடிவமும் இருந்தன என்று பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். இக்கட்டுரையிலும் எழுதுபவனை மட்டும் குறிக்கும் இடத்தில் ‘யாம்’ என்றும், வாசிப்போரையும் சேர்க்கும் இடத்தில் ‘நாம்’ என்றும் எழுதுகின்றோம். அன்பர்கள் இதனைக் கருத்தில் இருத்துக.

அத்திபெலேயில் வாழும் நமக்கு இப்பாடம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஒசூர்ச் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் ஜூஜூவாடி, அது தமிழ்நாடு. இப்பால் இருப்பது கருநாடகத்தின் ஆனேக்கல் வட்டம். நம் கடைத்தெருவில் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய நான்கும் ஒருசேரக் காதில் விழும். தெலுங்கில் நம்மைப் போலவே இரண்டு சொற்கள் உண்டு: ‘மனமு’ கேட்பவனைச் சேர்க்கும், ‘மேமு’ விலக்கும். இன்றைய கன்னடத்திலோ ‘நாவு’ என்னும் ஒன்றே இரண்டு வேலையையும் செய்கிறது. ஏட்டு உருதுவின் ‘ஹம்’ என்பதும் அத்தகையதே.

இதனால் விளைவது யாது? கன்னடர் ஒருவர் ‘நம்ம மனெ’ என்றால் ‘எங்கள் வீடு’ என்பதும் பொருள். ‘நம் வீடு’ என்பதும் பொருள். அதனை முதன்முதல் கேட்கும் தமிழ்க் காதுக்கோ அது உரிமை தந்து அழைப்பதுபோல் ஒலிக்கும். 2011இல் பெங்களூரில் ஓடத் தொடங்கிய ‘நம்ம மெட்ரோ’ என்னும் பெயரும் அவ்வாறே நமக்கு இனிக்கிறது. மறுபுறம், நாம் ‘எங்கள் ஊர்’, ‘எங்கள் ஆட்கள்’ என்று சொல்லும்போது, அச்சொல்லில் உள்ள வேலி கன்னட நண்பரின் காதுக்குப் புலப்படாமலே போகலாம். வேலி போட்டவருக்கு மட்டும் தெரியும், வேலி இருக்கிறதென்று.

இனி உலகைப் பார்ப்போம். ஐரோப்பிய மொழிகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் இல்லை. சமஸ்கிருதத்திலும் பாலியிலும் இல்லை. ஐரோப்பியர் இதனைக் கண்டு எழுதியது தென் அமெரிக்காவில். பெரு நாட்டின் கெச்சுவா மொழிக்கு தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்னும் துறவி 1560இல் வெளியிட்ட இலக்கணத்தில் இது விளக்கப்பட்டது. மலேயாவில் நம்மவர் அறிந்த மலாய் மொழியில் ‘கீத்தா’ என்பது நாம்; ‘காமி’ என்பது நாங்கள். 2005இல் வெளிவந்த உலக மொழி அமைப்புகளின் வரைபடத் தொகுப்பில் மைக்கேல் சைசவ் என்னும் அறிஞர் 200 மொழிகளை எடுத்து ஆராய்ந்தார். அவற்றுள் 63 மொழிகளில் இவ்விரண்டு சொற்களும் தனித்தனியே இருந்தன. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மொழிகளிலும், பசிபிக் தீவுகளிலும், அமெரிக்கப் பழங்குடியினரிடத்தும் இது பரவலாக உண்டு. ஆகவே இது யாருக்கும் தனிச் சொத்தன்று.

மொழிகள் அண்டை வீட்டாரைப் பார்த்துக் கற்பதும் உண்டு, மறப்பதும் உண்டு. வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மராத்தியில் ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ என இரண்டு சொற்கள் உள்ளன, குசராத்தியிலும் உள்ளன. இது திராவிட மொழிகளின் உறவால் வந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நம் குடும்பத்தைச் சேர்ந்த பிராகுவியோ பலுச்சிஸ்தானத்தில் வேற்று மொழிகளின் நடுவே வாழ்ந்து இவ்வேறுபாட்டை இழந்துவிட்டது.

எல்லையூர்களில் இக்கொள்வினை கொடுப்பினை இன்னும் ஆழமாக நடக்கும். மகாராஷ்டிரத்தின் சாங்கலிப் பகுதியில், கருநாடக எல்லைக்கு அருகே குப்வாட் என்றோர் ஊர். கன்னடம், மராத்தி, உருது, தெலுங்கு ஆகிய நான்கும் வழங்கிய அவ்வூரைப் பற்றி ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவர் எழுதிய ஆய்வு 1971இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக ஒன்றாக உழைத்தும் விற்றும் வாங்கியும் வாழ்ந்ததால், அங்குள்ள மொழிகளின் வாக்கிய அமைப்பு ஒன்றையொன்று நெருங்கி, சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும் நிலையை அடைந்திருந்தது. ஆயினும் சொற்கள் மட்டும் தனித்தனியே நின்றன. காரணம் யாது? வீட்டுக்குள் ஒவ்வொரு கூட்டமும் தன் மொழியையே காத்தது. கூட்டங்கள் தனித்தனியாகவே வாழ்ந்தன. வயலிலும் கடையிலும் ‘நாம்’, அடுப்பங்கரையில் ‘நாங்கள்’. இதனினும் தெளிவாக நம் நாட்டின் நிலையை எடுத்துரைக்கும் மொழியாராய்ச்சியை யாம் அறியோம்.

இங்கே ஒரு வினா எழும். மொழி மனிதனின் எண்ணத்தை ஆள்கிறதா? அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) என்பவர் இருந்தார். பகலில் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை; ஒழிந்த நேரத்தில் மொழியாராய்ச்சி. நம்போன்ற உழைப்பாளிகள் அவரை நினைத்து ஊக்கம் கொள்ளலாம். ஒருவன் பேசும் மொழி அவன் உலகைக் காணும் விதத்தை வகுக்கிறது என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் அதனை அளவோடு ஏற்றனர். 1959இல் ரோமன் யாகப்சன் என்பவர் இதனை வேறு வகையில் விளக்கினார்: எந்த மொழியாலும் எதையும் சொல்லிவிட முடியும், ஆனால் எதைச் சொல்லாமல் விடமுடியாது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. அஃதாவது, ‘நாவு’ என்று சொல்லும் கன்னடருக்குக் கேட்பவன் உள்ளேயா வெளியேயா என்று தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழனுக்கோ தப்ப வழியில்லை. வாய் திறந்தவுடன் அவன் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

அப்படியாயின் இரண்டு சொல் உடைய தமிழ்நாட்டில் ஊரும் சேரியும் ஒன்றாயினவா? இல்லை. ஒரே சொல் உடைய கன்னட நாட்டில் தீண்டாமை இல்லாமல் போயிற்றா? அதுவும் இல்லை. இலக்கணம் எவரையும் நல்லவராக்கியதில்லை. சொல் ஒரு கதவு. திறப்பதும் சாத்துவதும் வீட்டுக்காரன் கை.

இச்சொல்லைக் கொண்டு ஏமாற்றவும் கூடும். யாம் ஆலையில் தறி ஓட்டிய நாள்களில் மேலாளர் ஒருவர், ‘இன்று நாம் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்போம்’ என்பார். சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்படுவார். உழைப்பில் ‘நாம்’, ஊதியத்தில் ‘நாங்கள்’! ஆகவே ஒருவர் ‘நாம்’ என்றவுடன் மகிழ்ந்துவிடாது, அந்த ‘நாம்’ உணவிலும் உண்டா, உரிமையிலும் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இச்சொல் ஒரு சோதனை. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமை தாங்கிய குழு வரைந்து, 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முகப்புரை, இந்திய மக்களைத் தன்மைப் பன்மையில் பேசவைத்துத் தொடங்குகிறது. மூலமான ஆங்கிலத்தில் சேர்க்கை, விலக்கு என்னும் வேறுபாடு இல்லை. மராத்தியில் அது ‘ஆம்ஹீ’ ஆயிற்று. கன்னடத்தில் ‘நாவு’ ஆயிற்று. தமிழில் ‘நாம்’ ஆயிற்று. மராத்தியின் சொல் உலகத்தை நோக்கி உரைப்பதுபோல் நிற்கிறது. தமிழின் சொல் நம்மை நோக்கியே உரைக்கிறது. வாசிக்கும் நீங்களும் அதனுள் அடக்கம்.

இனி நம் மார்க்கத்திற்கு வருவோம். மச்சிம நிகாயத்தின் அரணவிபங்க சுத்தத்தில் பகவான் ஒரு சிறு பாத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். அதற்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர். தன் நாட்டுப் பெயரே மெய், பிறர் கூறுவது பொய் என்று பற்றி நிற்பது சச்சரவுக்கு வித்து என்பது அதன் கருத்து. மொழி வேற்றுமையை இழிவாகக் காணாத இப்பார்வையை இன்றைய மொழியாராய்ச்சியாளரும் முதற்பாடமாகக் கொள்கின்றனர்.

மற்றொன்றும் காண்க. திரிசரணம் ஓதும்போது நூறு பேர் கூடியிருந்தாலும் நாம் சொல்வது ‘கச்சாமி’, அது ஒருமை. ‘செல்கிறேன்’ என்பதே பொருள். பன்மையாயின் ‘கச்சாம’ என்று வரும். சரணம் புகுவது ஒவ்வொருவரும் தனித்தனியே. அவ்வாறு புகுந்தவர் கூடியபின் உண்டாவது எத்தகைய பன்மை? ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? அதனை பாலி மொழி நமக்காக முடிவு செய்து தரவில்லை. நாமே முடிவு செய்ய வேண்டும்.

ஏனெனில் பிறர் சொன்ன ‘நாங்கள்’ என்னும் வேலிக்கு வெளியே தலைமுறைகளாக நின்றவர் நம் பெற்றோரும் பாட்டன்மாரும். இன்று நம் தெருவில் வாடகை அறைகளில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் இளைஞர் குடியிருக்கின்றனர். தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று உழைக்கின்றனர். அவர்களைக் குறித்து நம் வீடுகளில் வழங்கும் சொல் எது? கன்னடம் பேசும் பௌத்தர் நம் வழிபாட்டுக்கு வந்தால் அவரைக் கடைசிப் பாயில் அமர்த்துகிறோமா, நடுவில் அமர்த்துகிறோமா?

பயிற்சி: அடுத்த பௌர்ணமி வரையில் நாம் ஒவ்வொருவரும் ஒருநாளில் எத்தனை முறை ‘நாங்கள்’, ‘எங்கள்’ என்கிறோம் என்று எண்ணி வருக. அவற்றுள் ‘நாம்’, ‘நம்’ என்று மாற்றத்தக்கவை எவை என்று குறித்துக்கொள்க. மாற்றினால் நம் கையிலிருந்து ஏதேனும் கொடுக்க நேருமாயின் அதனையும் குறித்துக்கொள்க. அதுவே உண்மையான ‘நாம்’ என்பதற்கு அடையாளம். வைசாகத் திருநாளுக்கு அச்சிடும் அழைப்பிதழில் ‘எங்கள் சங்கம்’ என்று போடுவதா, ‘நம் சங்கம்’ என்று போடுவதா என்பதனைக் கூட்டத்தில் எடுத்துப் பேசி முடிவு செய்வோமாக. முடிவு ‘நம்’ என்பதாயின், அவ்வழைப்பிதழ் கன்னடத்திலும் இந்தியிலும் அச்சேறி, வாடகை அறைகளின் கதவு வரை சென்று சேர வேண்டும்.