ஓடை வற்றினபின் எந்த ஊர்?



இந்த மாதப் பாடம் வேலையை இழந்தவர்களுக்கானது. வேலை போய், பிறகு ஒன்றுக்கு இரண்டாய் வாசல் திறந்து, "இதுவா, அதுவா" என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர்களுக்கு விசேஷமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இன்றைக்கு இந்தப் பிரச்சனை இல்லாமலிருக்கலாம். ஆனாலும் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2014-ல் நோக்கியா ஆலை மூடினதையும், மறைமலை நகரில் 2022-ல் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றதையும் நம் கண்ணால் பார்த்தோம். காலையில் ஷிப்ட் பஸ் ஏறுகிறவனுக்கு, அடுத்த வருஷமும் அந்த பஸ் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீட்டில் இருந்த ஒரு சகோதரர் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு வந்தார். எட்டு வருஷம் ஒரே கம்பெனியில் உழைத்தவர். ஆட்குறைப்பில் வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இப்போது கையில் இரண்டு அழைப்புக் கடிதம். ஒன்று புனே பக்கத்திலுள்ள சாக்கனிலிருந்து: நிரந்தர வேலை, கைக்கு 42,000 ரூபாய். மற்றொன்று ஓசூரிலிருந்து: ஒரு வருஷக் கான்ட்ராக்ட், கைக்கு 31,000 ரூபாய். ஐந்து நாளில் பதில் சொல்லவேண்டும். "பாஸ்டர் ஐயா, கர்த்தர்கிட்ட கேட்டு எந்த ஊருன்னு சொல்லிடுங்க, நான் போயிடுறேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தப் பாடம்.

1. ஓடை வற்றினது தண்டனை அல்ல

முதலில் அவர் மனதில் இருந்த முள்ளை எடுக்கவேண்டியிருந்தது. "நான் என்ன பாவம் பண்ணேன் ஐயா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்தில் எலியாவைப் பாருங்கள். கேரீத் ஆற்றண்டைக்குப் போகச் சொன்னவர் கர்த்தர். எலியா கீழ்ப்படிந்து போனான். காகம் அப்பம் கொண்டுவந்தது, ஆறு தண்ணீர் கொடுத்தது. சில நாள் கழித்து அந்த ஆறு வற்றிப்போனது. காரணம் என்ன? தேசத்தில் மழையில்லை, அவ்வளவுதான். எலியா தப்பு செய்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கீழ்ப்படிந்தவன் உட்கார்ந்திருந்த ஓடையும் வற்றும்.

வேலை போனவன் முதலில் இதை நம்பவேண்டும். குற்ற உணர்வோடு தீர்மானம் எடுக்கிறவன், தன்னைத் தண்டித்துக்கொள்ளுகிற வழியையே தேர்ந்தெடுப்பான். அல்லது அவமானத்தை மறைக்க, பெரிய சம்பளத்தைப் பார்த்து ஓடுவான். இரண்டும் ஆபத்து.

2. சீட்டுப் போடாதிருங்கள்

அந்தச் சகோதரர் ஏற்கெனவே இரண்டு அடையாளம் பார்த்திருந்தார். வாக்குத்தத்த அட்டையை உருவினபோது தூரதேசத்தைப் பற்றி வந்ததாம்; ஆகவே புனே. மறுநாள் கண்ணை மூடி வேதத்தைத் திறந்தபோது சொந்த ஜனத்தைப் பற்றி வந்ததாம், ஆகவே ஓசூர். மூன்றாம் நாள் பயந்துபோய் என்னிடம் வந்துவிட்டார்.

பிரியமானவர்களே, அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில் மத்தியாவுக்காகச் சீட்டுப் போட்டார்கள். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். அதன்பின்பு சபை எதையாவது தீர்மானிக்கச் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு இடத்திலும் இல்லை. கூடினார்கள், பேசினார்கள், ஜெபித்தார்கள், தீர்மானித்தார்கள். 16-ம் அதிகாரத்தில் பவுலுக்குத் துரோவாவில் ராத்தரிசனம் வந்தது உண்மை. ஆனால் தரிசனம் கண்டவன் பவுல் ஒருவன். போகவேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டது கூட இருந்த எல்லோரும். லூக்கா அந்த வசனத்தில்தான் "நாங்கள்" என்று தன்னையும் சேர்த்து எழுத ஆரம்பிக்கிறான்.

நம்மில் சிலர் அடையாளம் கேட்பது விசுவாசத்தினால் அல்ல. தீர்மானிக்கிற பாரத்தை வேறொருவர் தலையில் வைக்கத்தான். பின்னால் கஷ்டம் வந்தால், "பாஸ்டர் சொன்னாரு, போனேன்" என்று சொல்லிக்கொள்ளலாமே!

3. நோட்டை எடுத்து உட்காருங்கள்

கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-ல் சொன்னார். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. "நாளைக்கு உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ஒரு நோட்டும் கொண்டு வாங்க" என்று அனுப்பினேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். கணக்கு இப்படி இருந்தது.

புனேவுக்குப் போனால் அவர் தனியாகத்தான் போகமுடியும். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு அறை வாடகை, சாப்பாடு 12,000. ஊருக்கு வந்துபோக மாதக் கணக்கில் 1,500. இங்கே வீட்டுச் செலவு 22,000. மீதி 6,500. மனைவி தையல் வேலையில் சம்பாதிக்கிற 6,000 சேர்த்தால் 12,500.

ஓசூருக்குக் குடும்பமாகவே போகலாம். எல்லோருக்கும் சேர்த்து வாடகையோடு 27,000 செலவு. மீதி 4,000. தையலுக்குப் புது இடத்தில் ஆள் சேர நாளாகும். அதை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆக, கடிதத்தில் 11,000 ரூபாயாய்த் தெரிந்த வித்தியாசம், நோட்டில் 8,500 ஆனது. குறைந்ததுதான், ஆனாலும் சின்னத் தொகை இல்லை. ஏனென்றால் மாதம் 7,000 கடன் தவணை, இன்னும் 20 தவணை பாக்கி. ஓசூரில் மாதாமாதம் 3,000 ரூபாய் துண்டு விழும்.

அப்போது நான் கேட்டேன்: "பழைய கம்பெனியில் கிராஜுவிட்டி வாங்கிட்டீங்களா?" "அதெல்லாம் நமக்குக் கிடைக்குமா ஐயா?" என்றார். ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது சட்டப்படி உரிமை. கடைசியாய் வாங்கின அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷத்தால் பெருக்கவேண்டும். அவருக்கு 14,000 ரூபாய், எட்டு வருஷம். கணக்குப் போட்டால் 64,615 ரூபாய்! இருபது மாதத் துண்டுக்கு 60,000 போதும். அந்த அம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். இது கைமேல் அற்புதமாய் வந்த பணம் அல்ல. அவர் வியர்வையின் பணம், கேட்காமல் கிடந்தது. மனு எழுதிக் கொடுத்தார், சில வாரத்தில் வந்தது.

இன்னொன்றும் சொன்னேன். பி.எஃப். பணத்தை முழுவதுமாய் எடுத்துவிடாமல், புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1995-ம் வருஷப் பென்ஷன் திட்டத்தில் பத்து வருஷச் சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன் உண்டு. எட்டு வருஷம் முடித்தவர் இன்னும் இரண்டு வருஷத்தை ஏன் இழக்கவேண்டும்?

4. லோத்து பார்த்ததும் பாராததும்

ஆதியாகமம் 13-ல் லோத்து கண்களை ஏறெடுத்துப் பார்த்தான். யோர்தான் சமபூமி நீர்வளமாய் இருந்தது. மந்தைக்காரன் தண்ணீரைப் பார்ப்பது தப்பா? இல்லை. ஆனால் அவன் தண்ணீரை மட்டும் பார்த்தான். அங்கே தன் பிள்ளைகள் யாரோடு வளருவார்கள் என்று பார்த்ததாக எழுதியில்லை. முதலில் சோதோமுக்கு நேரே கூடாரம் போட்டான்; 14-ம் அதிகாரத்தில் சோதோமிலேயே குடியிருக்கிறான்; 19-ல் அதன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஆபிராமோ, போன இடத்தில் கர்த்தருக்குப் பலிபீடம் கட்டினான்.

ஆகவே நோட்டின் அடுத்த பக்கத்தில் ரூபாய் இல்லாத கணக்கை எழுதச் சொன்னேன். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தால், மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு அவள் தகுதி பெறுவாள். ஓசூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே பள்ளி மாறினாலும் அது போகாது. அம்மாவுக்கு மாத்திரை அங்கே அரசு மருத்துவமனையிலும் வாங்கலாம். புனேயின் பக்கத்திலும் நல்லதை எழுதினோம்: நிரந்தர வேலை, பெரிய கம்பெனி, கடன் சீக்கிரம் அடையும். ஓசூரின் கெட்டதையும் எழுதினோம்: ஒரு வருஷத்தில் "வேண்டாம்" என்று சொல்லலாம்.

அதுவரை பேசாதிருந்த அந்த அம்மா, "என்னங்க, இருபது மாசம் போன்லயே அப்பாவா இருந்துடுவீங்களா? அவ இப்பவே எங்கிட்ட பாதிதான் பேசுறா" என்றார்கள். சகோதரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒன்றும் பேசவில்லை.

5. ஊர் ஊராய்ப் போன ஒரு தம்பதி

அப்போஸ்தலர் 18-ல் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வருகிறார்கள். ஆக்கில்லா பொந்து தேசத்தான். ரோமாபுரியில் இருந்தார்கள். கிலவுதியு இராயன் யூதர் எல்லோரையும் ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னான், ஏறக்குறைய கி.பி. 49-ம் வருஷம் என்பார்கள். ஒரே கட்டளையில் இருந்த இடமும் போனது, பிழைப்பும் கலைந்தது. கொரிந்துவுக்கு வந்தார்கள். கையில் இருந்தது ஒரு தொழில்: கூடாரம் பண்ணுவது. அந்தத் தொழிலினால்தான் பவுல் அவர்கள் வீட்டுக்கு வந்தான். பிறகு எபேசு, அங்கே அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விவரித்தார்கள். அங்கே அவர்கள் வீட்டில் சபை. பிறகு திரும்பவும் ரோமாபுரி. அங்கேயும் வீட்டில் சபை.

வேதத்தில் இவர்கள் பெயர் ஆறு வசனத்தில் வருகிறது. ஆறிலும் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், ஒரு இடத்திலும் தனித்தனியாய் இல்லை! ஊர் மாறினது, இராயன் மாறினான், வாடகை வீடு மாறினது. கூடாரம் தைத்த அந்த இரண்டு பேர் பிரியவில்லை. வீட்டிலிருந்த சபையும் நிற்கவில்லை.

இதினால் தூரம் போகிறவர்கள் எல்லோரும் தப்பு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. அதே கம்பெனியில் வேலை போன இன்னொரு சகோதரர், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு புனேவுக்கே போனார். அங்கே தமிழ் ஐக்கியம் ஒன்றில் சேர்ந்து சந்தோஷமாய் இருக்கிறார். அவருக்கு அது சரியான ஊர். பிரிந்தே போகவேண்டிய நெருக்கடியும் சிலருக்கு உண்டு. அப்படியானால் எத்தனை மாதம் என்று நாளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

6. தீர்மானித்தபின் திரும்பிப் பாராதிருங்கள்

நான்காம் நாள் இருவரும் ஒருமனப்பட்டு ஓசூர் என்றார்கள். புனேக்காரர்களுக்கும் மரியாதையாய், நன்றி சொல்லிப் பதில் எழுதச் சொன்னேன். இரண்டு இடத்திலும் "வருகிறேன்" என்று சொல்லிவைத்து ஒருவரைக் கைவிடுவது விசுவாசிக்கு அழகல்ல.

மூன்றாம் மாதம் போன் வந்தது. சம்பளம் பன்னிரண்டு நாள் தாமதம். "ஐயா, கர்த்தருடைய சித்தத்தைத் தவறவிட்டேனா?" குரல் உடைந்திருந்தது.

நான் பிலிப்பியை நினைப்பூட்டினேன். தரிசனத்தோடு மக்கெதோனியாவுக்குப் போன பவுலுக்கும் சீலாவுக்கும் என்ன கிடைத்தது? ஆற்றங்கரையில் சில ஸ்திரீகள், லீதியாளின் வீடு, பிறகு அடி, உட்காவலறை, தொழுமரம். சரியான ஊரிலும் தொழுமரம் உண்டு. கஷ்டம் வந்ததினால் ஊர் தவறு என்று சொல்லாதே. நடுராத்திரியில் அவர்கள் பாடினதும் அதே ஊரில்தான்.

சம்பளம் வந்தது. கான்ட்ராக்ட் வருஷம் இன்னும் முடியவில்லை. புதுப்பிப்பார்களா என்று இதை எழுதுகிற நாளில் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அம்மாவிடம் இப்போது நான்கு வீட்டுக்காரர்கள் தைக்கக் கொடுக்கிறார்கள். மகள் ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறாளாம்.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இவைகளைச் சேர்ந்து பேசுங்கள். நமக்கு வரவேண்டிய பணம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோமா? கடிதத்திலுள்ள சம்பளத்தில், செலவு போக உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு? அந்த ஊரில் நாம் யாரோடு வாழப்போகிறோம், எங்கே ஆராதிக்கப்போகிறோம்? வீட்டில் இன்னும் வாய் திறக்காதவர் யார்? வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவனிடம் ஏமாறப்போகிறோமா?

தேவ பிள்ளையே, ஓடை வற்றினபின்புதான் எலியாவுக்குச் சாறிபாத்தின் விலாசம் கிடைத்தது. அங்கேயும் பானையில் ஒரு பிடி மாவுதான் இருந்தது. ஆனாலும் அது செலவழிந்துபோகவில்லை. உட்காருங்கள், எண்ணுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள், தீர்மானியுங்கள், எழுந்து போங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.